வேலி வெட்டும் மாதம்: பென்னாகரம் பக்கத்து மானாவாரி நிலம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிலமும் அதன் ஓரமும்

தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டில் இருக்கிறது இந்த நாலரை ஏக்கர். ராகி, சாமை, நிலக்கடலை, ஊடே சால் விட்டுத் துவரையும் அவரையும். மழையை நம்பிய வெள்ளாமை. பழைய கிணறு ஒன்று உண்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு சில மாதம் தண்ணீர் நிற்கும், கோடையில் பாறை தெரியும். கிழக்கு எல்லையை ஒட்டி ஓர் ஓடை. நிலத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு தாயும் அவருடைய இளைய மகனும். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சனிக்கிழமை காலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு இந்த நிலத்தின் வேலியோரமாக நடப்பதும், பார்த்ததை நோட்டில் எழுதிவைப்பதும் எங்கள் பழக்கம். இந்த ஆய்வு அந்த நோட்டுகளிலிருந்து எழுந்தது.

இத்தனை நிலமிருக்க இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதன் வேலி. தெற்கிலும் கிழக்கிலும் தாத்தா காலத்து உயிர்வேலி அப்படியே நிற்கிறது. வடக்கிலும் மேற்கிலும் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். ஒரே மண், ஒரே மழை, ஒரே வெள்ளாமை; ஓரம் மட்டும் இரண்டு விதம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான இடம் எங்கள் பக்கம் கிடைக்காது.

எங்கள் மாவட்டத்தில் காட்டுயிர் என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஒகேனக்கல் திசையில் கை காட்டுவார்கள். அதில் தப்பில்லை. 2014-இல் காவிரி வடக்கு சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. நீர்மருது நிழலில் சாம்பல் நிற மலை அணிலும், ஆற்றில் நீர்நாயும் முதலையும் இருக்கிற காடு அது. ஆனால் அங்கே ஆண்டுக்கு ஒரு தடவை போய்வருவதே நம்மில் பலருக்குப் பெரிய காரியம். தினமும் காலையில் கண்ணில் படுகிற உயிர்கள் எங்கே குடியிருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் வேலியில்தான். அந்த வேலியை எந்த மாதம் வெட்டுகிறோம் என்பதில் அவற்றின் பிழைப்பு இருக்கிறது. இந்த நிலம் எனக்குக் காட்டியது அதைத்தான்.

வேலி போன கதை

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த வறட்சியை அடுத்து இந்தக் குடும்பத்தில் பாகப் பிரிவினை வந்தது. சர்வேயர் வந்து அளந்தபோது வடக்கு, மேற்கு எல்லைகளில் வேலி சில இடங்களில் ஆறடி அகலத்துக்குப் படர்ந்திருப்பது தெரிந்தது. மகன் அப்போது போட்ட கணக்கை இன்றைக்கும் சொல்வார்: "நானூறு அடி நீளம், ஆறடி அகலம். ரெண்டாயிரத்து நானூறு சதுர அடி சார். அஞ்சரை சென்ட்டு வேலிக்குப் போவுது." கணக்கு சரிதான். ஒரு நாள் ஜே.சி.பி. வந்தது. மதியத்துக்குள் இரண்டு பக்கமும் வெறுமை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. வாரத்துக்குள் கல்லுக்கால் வந்து இறங்கியது.

தெற்கு வேலி தப்பியது பக்கத்து நிலத்துக்காரர் சம்மதிக்காததால். கிழக்கு வேலி தப்பியது ஓடைக்கரை சரிந்துவிடும் என்று அந்தத் தாய், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், தடுத்ததால்.

தப்பிய வேலியில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் பட்டியல் போட்டார்கள். முதுகெலும்பு கிளுவை. இடையிடையே கொம்புக்கள்ளி, சங்கஞ்செடி, சூரை, ஆதண்டை, நொச்சி. மேலே தழுவிக்கொண்டு கோவை, வேலிப்பருத்தி, பிரண்டை, முடக்கத்தான், குன்றிமணி. வெளிப்பக்கம் ஆவாரையும் எருக்கும். நடுநடுவே தலைதூக்கி நிற்கும் வேம்பு, வெள்வேல், ஒரு புங்கன். இதில் கிளுவையையும் கள்ளியையும் தவிர எதையும் யாரும் நட்டதாகத் தெரியவில்லை. காற்றும் பறவையும் ஆடும் கொண்டுவந்து சேர்த்தவை.

ஆண்டு சுற்றி வரும்போது

இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும். சித்திரை, வைகாசியில் இடியோடு கோடை மழை, ஆடியில் காற்றும் தூறலும், ஆவணி முதல் ஐப்பசி வரை நல்ல மழை. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர். மழை இப்படிப் பல தவணைகளில் வருவதால் வேலியும் பல தவணைகளில் உயிர்க்கிறது. ஒரு மாதம் பார்த்த வேலியை அடுத்த மாதம் பார்த்தால் வேறொன்றாக நிற்கும்.

பங்குனியில் கிளுவை ஓர் இலை இல்லாமல் நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று புதியவர்கள் நினைப்பார்கள். முதல் கோடை மழை விழுந்த சில நாளில் கணுவெல்லாம் தளிர். வேம்பு பூத்து வேலி முழுக்க அதன் வாசனை. இந்த நாட்களில் வெறும் உழவுக்காட்டில் ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மண்ணில் ஒரு குழி, சுற்றிச் சில கூழாங்கல், மண்ணோடு மண்ணாகப் புள்ளி போட்ட முட்டைகள். கோடை உழவு ஓட்டும் டிராக்டருக்கு அது தெரியவே தெரியாது. பெரியம்மா ஒரு குச்சி நட்டு அதில் கிழிந்த சேலைத் துண்டைக் கட்டிவிடுவார். டிராக்டர் ஓட்டுகிற பையன் அந்த இடத்தை மட்டும் விட்டு ஓட்டுவான். இதற்கு எந்தச் செலவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் பலரும் தங்கள் வீட்டு நிலத்தில் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம். கொண்டைக்குருவி, மைனா, காகம், குயில் எல்லாம் பழத்துக்கு வரும். அதே நாட்களில் சங்கஞ்செடியின் முள்ளுக்குள் கொண்டைக்குருவிக் கூடு இருக்கும். நான்கு பக்கமும் கூர்முள் உள்ள செடி அது. பாம்பும் பூனையும் எளிதில் நுழையாது. தவிட்டுக்குருவிக் கூட்டம் சூரைப் புதருக்குள் கத்திக்கொண்டே புகுந்து புறப்படும். கிணற்றின் மேல் சாய்ந்திருக்கும் வெள்வேல் கிளையில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னத் தொடங்கும். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு இறக்கையை அடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதியைக் கட்டும் வேலை நடக்கும். பிடிக்காத கூடுகள் பாதியிலேயே தொங்கும். கூட்டின் உள்சுவரில் ஈரமண் அப்பியிருப்பதைக் கீழே விழுந்த ஒரு பழைய கூட்டைப் பிரித்துப் பார்த்துப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள்.

ஆவணியில் நல்ல மழை பிடித்ததும் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் சிவப்புப் பட்டுத்துணிபோல ஊரும். கொடிகள் வேலியை மூடிவிடும். செங்காந்தள் இலை நுனியைச் சுருட்டிப் பக்கத்துச் செடியைப் பிடித்து மேலேறிப் பூக்கும். அதன் கிழங்கு கடும் விஷம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பருவத்தில் நாங்கள் அதிக நேரம் நிற்பது எருக்கஞ்செடியின் முன்னால். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இலையின் அடியில் முட்டையிடும். புழு கருப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையம் போட்டது. உடம்பில் மூன்று இணை கருப்புக் கொம்புகள். எருக்கம்பால் கையில் பட்டாலே பிசுபிசுக்கும். இவ்வளவு சிறிய புழுவின் வாயை அது ஒட்டிவிடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். உட்கார்ந்து பார்த்தோம். புழு நேராக இலையைக் கடிக்கவில்லை. முதலில் இலை நரம்பைக் கடித்துவிட்டு விலகியது. வெட்டுவாயில் பால் கசிந்து வெளியேறியது. பிறகு நரம்புக்கு அப்பால், பால் வரத்து நின்றுபோன பகுதியை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் இந்தப் பூச்சியைப் பறவைகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி ஆவதற்கு ஒரு மாதம்கூட ஆகாது. ஒரு எருக்கஞ்செடியைப் பிடுங்காமல் விட்டால் மழைக்காலம் முழுக்க வகுப்பு நடத்தலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் விருந்தாளிகள் வருகிறார்கள். வடக்கேயிருந்து வரும் கீச்சான் வேலி முனையில் உட்காரும். வாலாட்டி ஓடைக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். ஆறுமணிக்குருவி கிழக்கு வேலியடியில் சருகைக் கிளறும். காலையும் மாலையும் இரட்டைச் சீழ்க்கையாக அதன் குரல் கேட்கும். முதுகுப் பச்சையும் அடிவயிற்றுச் சிவப்புமாக அவ்வளவு நிறமுள்ள பறவை நிழலில் இருந்தால் கண்ணுக்குச் சிக்காது. நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் கூட்டமாக மேற்கு நோக்கிப் போகும் நாட்கள் இவை. தென்னிந்தியாவில் இந்த இனங்கள் கோடை முடிவில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே இறங்கிப் பிறகு திரும்புகின்றன. வழியில் அவற்றுக்குத் தேன் வேண்டும். கிலுகிலுப்பைச் செடி கண்டால் ஆண் பூச்சிகள் மொய்த்துவிடும். அந்தச் செடியிலிருந்து அவை எடுக்கும் சாறு இணை தேடும் மணத்துக்குப் பயன்படுகிறது.

மார்கழியில் ராகி அறுப்பு. பனியில் நனைந்த சிலந்தி வலைகள் வேலி முழுக்கத் தெரியும். அவரை பூத்திருக்கும்.

ஆவாரை ஆண்டில் பல மாதம் பூக்கும் என்றாலும், தை பிறக்கும் நேரத்தில் அதற்கு ஒரு தனி மரியாதை. போகியன்று காப்புக் கட்ட ஆவாரம்பூவும் சிறுபீளையும் வேப்பிலையும் வேண்டும். ஊரில் பாதி வீட்டுக்கு இந்த வேலியிலிருந்துதான் போகிறது. ஜே.சி.பி. வந்த அடுத்த ஆண்டு வடக்குத் தெருக்காரர்கள் ஆவாரையைத் தேடித் தார்ச்சாலை ஓரம்வரை அலைந்ததைப் பெரியம்மா இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஆவாரம்பூவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கச் சொல்வேன். அதன் மகரந்தப் பைகள் மற்றப் பூக்களைப்போல நீளவாக்கில் பிளப்பதில்லை. நுனியில் ஒரு சின்னத் துளை மட்டும் உண்டு. கருவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருந்தேனீ, பூவைக் காலால் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவைக்கும். பறக்கும்போது வரும் இரைச்சல் சட்டென்று மாறிக் கீச்சென்று உயரும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் சிதறி வண்டின் வயிற்றில் ஒட்டும். காதை வைத்துக் கேட்டாலே எந்தப் பூவில் வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். இதே வண்டுதான் பக்கத்தில் அவரைக்கும் துவரைக்கும் போகிறது. அது கூடு வைக்கக் காய்ந்த மரம் வேண்டும். உயிர்வேலியில் பட்ட கிளை எப்போதும் இருக்கும். கல்லுக்காலில் துளை போட முடியாது.

கம்பி வேலிப் பக்கம் நடந்தவை

நியாயமாகச் சொல்ல வேண்டும்: கம்பி வேலிப் பக்கம் உயிரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பனங்காடைக்கும் கரிச்சானுக்கும் கல்லுக்கால் உச்சி நல்ல இருக்கை. அங்கிருந்து பாய்ந்து வெட்டுக்கிளியைப் பிடித்துவிட்டுத் திரும்ப அங்கேயே வந்து உட்காரும். பஞ்சுருட்டான்கள் கம்பியில் வரிசையாக அமரும். வேட்டைக்கு வருகிறவை குறையவில்லை. குடியிருக்கிறவைதான் இல்லாமல் போயின. எங்கள் நோட்டுகளில் வடக்கு, மேற்குப் பக்கங்களில் முதல் ஆண்டுகளில் ஒரு கூடுகூடப் பதிவாகவில்லை. ஓணான், அரணை, சாரைப்பாம்பு, கீரிப்பிள்ளை எல்லாம் தெற்கு, கிழக்குக் குறிப்புகளில் மட்டுமே. கிழக்கில் ஓடையும் இருப்பதால் அங்கே உயிர்கள் கூடுதலாக இருப்பது இயல்பு. அதனால் நான் தெற்குப் பக்கத்தையே வடக்கோடு ஒப்பிடுகிறேன்.

மேற்கு வேலி போனதன் பாதிப்பு ஆடிக் காற்றில் தெரிந்தது. காற்று நேராக நிலத்துக்குள் புகுந்தது. மேற்கு ஓரத்துக் கடலைச் செடிகள் புழுதியில் மூடின. வடக்கு வரப்பில் எலி வளைகள் பெருகின. சாரைப்பாம்பும் கீரியும் பதுங்க இடமில்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் முடிவு. மகனும் அதை ஒப்புக்கொள்கிறார். மிச்சப்பட்ட அஞ்சரை சென்ட்டில் நான்கைந்து சால் கூடுதலாக ஓட்டினார். "ஓரத்துல வெளஞ்சத எலிக்குத்தான் அளந்தேன் சார்" என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது. கம்பியில் உட்கார்ந்த பறவைகள் சும்மா உட்காரவில்லை. பழம் தின்றுவிட்டு வந்து எச்சமிட்டன. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் கம்பிக்கு நேர் கீழே, கயிறு பிடித்து நட்ட வரிசையில், நாற்றுகள் முளைத்திருந்தன. வேம்பு, கோவை, சூரை, தூதுவளை, சங்கஞ்செடி. கூடவே உண்ணிச்செடியும். வழக்கமாக உழவின்போது இவையெல்லாம் புரட்டப்பட்டிருக்கும். அந்த ஆண்டு பெரியம்மா மகனைக் கூப்பிட்டு, "கல்லுக்கு உள்ள ரெண்டு முழம் விட்டு ஓட்டு கண்ணு. அதுவா வருது, வரட்டும்" என்றார். மகன் மறுக்கவில்லை. ஆறடி தர மாட்டேன், மூன்றடி தருகிறேன் என்றார். அந்த மூன்றடிதான் இன்றைக்கு வடக்கு வேலி.

அந்த நாற்றுகளில் ஒன்று சந்தனம். குயிலும் கொண்டைக்குருவியும் தின்று போட்ட விதை. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்தி ஊட்டம் எடுத்துக்கொண்டு வளரும் மரம். வேலிக்கூட்டத்தில்தான் அது செழிக்கும். சந்தனம் முளைத்தால் வம்பு என்று பிடுங்கி எறிகிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. 2002-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்; வளர்ப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. இதை நான் விளக்கிச் சொன்ன பிறகு அந்தக் கன்றைச் சுற்றி இலந்தை முள் வைத்தார்கள்.

உண்ணிச்செடி விஷயத்தில் நான் கறார். வெளிநாட்டிலிருந்து அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. வண்ணத்துப்பூச்சிகள் அதில் தேன் குடிப்பதைக் காட்டிப் பிள்ளைகள் எனக்கு எதிராக வாதாடுகிறார்கள். தேன் குடிக்கும், சரி. ஆனால் அது வளர்ந்த இடத்தில் அடியில் வேறொன்றும் முளைக்காது. சில ஆண்டில் வேலி முழுதும் உண்ணியாகிவிடும். பிறகு எந்தப் புழுவுக்கும் இலை கிடைக்காது. மண் ஈரமாக இருக்கும் ஐப்பசியில், பழம் பழுக்கும் முன், வேரோடு பிடுங்குகிறோம். மேலே வெட்டிவிட்டால் அடியிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். ஓடையோரச் சீமைக்கருவேலத்துக்கும் அதே வேலைதான், அதற்குக் கடப்பாரை வேண்டும்.

மாதத்தை மாற்றியது

எங்கள் பக்கம் வேலி கழிப்பது ஆனி மாதத்து வேலை. ஆடிப்பட்டம் விதைக்குமுன் ஓரத்தைச் சுத்தம் செய்வார்கள், கையோடு வேலியையும் கழித்துவிடுவார்கள். மேலே சொன்ன குறிப்புகளோடு அந்த மாதத்தைப் பொருத்திப் பாருங்கள். முள்ளுக்குள் குஞ்சு இருக்கும் நேரம். சூரைக்குள் தவிட்டுக்குருவி அடைகாக்கும் நேரம். கிளுவை தளிர்த்து முடித்த நேரம். ஆண்டின் பன்னிரண்டு மாதத்தில் வெட்டக்கூடாத மாதம் எதுவென்று தேடினால் ஆனிக்குத்தான் முதலிடம்.

பெரியம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லத் தயங்கினேன். அவர் எனக்கு முன்னாலேயே அறிந்திருந்தார். "எங்க மாமியாரு இருந்தவரைக்கும் மாசியிலதான் கழிப்பாங்க வாத்தியாரே. எலை இருக்காது, கூடு இருக்காது, பாம்பும் கண்ணுக்குத் தெரியும். இப்ப ஆளு கெடைக்கிற மாசம்தான் வெட்டுற மாசம்னு ஆயிப்போச்சு." கூலி ஆள் கிடைப்பதுதான் சிக்கலின் மையம். மாசியில் ராகிக் களவேலை முடிந்து, மாங்காய்ச் சீசன் தொடங்காத இடைவெளி உண்டு. அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே ஆளுக்குச் சொல்லிவைத்தார்கள். ஆட்டுக்காரர்களும் முள்விறகு எடுப்பவர்களும் அப்போது வருவதால் கழித்ததை அள்ளுவதற்கும் செலவில்லை.

அதோடு இன்னொரு ஏற்பாடு. மொத்த வேலியையும் ஒரே ஆண்டில் கழிக்காமல் மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு மொட்டையாக நிற்கும்போது மற்ற இரண்டும் அடர்த்தியாக இருக்கும். இலந்தை, சூரை, ஆதண்டை மூன்றையும் பழமும் விதையும் முடிந்த பிறகுதான் தொடுவது. பட்ட மரக்கிளையில் பொந்து இருந்தால் அதை விடுவது. ஓடையோரம் மொட்டையாக நிற்கும் பனையையும் விறகுக்கு வெட்டாமல் விட்டார்கள். பனங்காடை அதில்தான் குஞ்சு பொரிக்கிறது.

கழித்த கிளுவைப் போத்துகளை, அதாவது நட்டால் தழைக்கும் கிளைத் துண்டுகளை, நிழலில் போட்டு வைத்து, கோடை மழையை ஒட்டி மேற்குப் பக்கக் கல்லுக்கால்களுக்கு இடையில் நட்டார்கள். எல்லாம் பிழைக்கவில்லை. ஆடு கடித்தவை போயின. முள் வைத்துக் காத்தவை பெரும்பாலும் தழைத்தன. நட்ட மூன்றாம் மழைக்காலத்தில் வடக்குப் பக்கச் சூரைப் புதரில் தவிட்டுக்குருவி கூடு கட்டியதைப் பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையால் எழுதினார்கள். கம்பி வேலிப் பக்கத்து முதல் கூடு அது.

தீராத சங்கடங்கள்

மயிலும் காட்டுப்பன்றியும் இந்த ஏற்பாட்டில் அடங்கவில்லை. கடலை விதைத்த வாரத்தில் மயில் கிளறிவிடுகிறது. பன்றிக்கு மூன்றடி வேலி ஒரு பொருட்டே இல்லை; கல்லுக்கால் கம்பியோடு கிளுவையும் அடர்ந்த இடத்தில் மட்டும் சற்றுச் சுற்றிப் போகிறது. வேலி இருப்பதால்தான் பன்றி தங்குகிறது என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பன்றி பகலில் படுப்பது ஓடையின் சீமைக்கருவேலத் தோப்பில். அதை அழிப்பதற்குத் தனியொரு குடும்பத்தின் உழைப்பு போதாது. அஞ்செட்டி, உரிகம் பக்கம் ராகி முற்றும் நேரத்தில் யானை வரும் நிலங்களுக்கு இந்த ஆய்வு பொருந்தாது. அங்கே வேலியின் கணக்கே வேறு.

கௌதாரிக்கு வலை வைக்கிறவர்களும் அடர்ந்த வேலியைத் தேடித்தான் வருகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, காடை, உடும்பு, முயல் எதைப் பிடித்தாலும் குற்றம். பிள்ளைகள் வலையைக் கண்டால் தொடாமல் எங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தகவலை நாங்கள் வனத்துறைக்குச் சொல்கிறோம்.

மருந்தடிப்பு இன்னொன்று. அவரை பூக்கும்போது காய்ப்புழுவுக்கு மருந்தடித்தால் கருவண்டும் தேனீயும் சேர்ந்து போகும். இங்கே அடிப்பதை மாலைக்கு மாற்றினார்கள், வேலியோரத்து நான்கு சாலுக்கு அடிப்பதே இல்லை. காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களிடமும் இதைப் பேசுகிறேன். மா பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பூ விரிந்திருக்கும்போது அடிக்கிற மருந்து தத்துப்பூச்சியோடு அவற்றையும் கொல்கிறது. மொட்டு நிலையில் ஒரு முறை, பிறகு பிஞ்சு பிடித்தபின் என்று தள்ளிவைத்தால் காய்ப்புக்கே நல்லது.

இதே முறையில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு

நிலமுள்ளவர்கள் முதல் ஆண்டு ஒன்றும் நட வேண்டாம். வரப்பை ஒட்டி மூன்றடியை உழாமல் விட்டு, ஒரு மழைக்காலம் என்ன முளைக்கிறது என்று பாருங்கள். வந்ததில் உண்ணி, சீமைக்கருவேலம், பார்த்தீனியம் மூன்றை மட்டும் எடுத்துவிட்டால் போதும். இடைவெளியில் கிளுவைப் போத்து நடுங்கள். பங்குனியில் வரப்புப் புல்லுக்குத் தீ வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். அரணையும் ஓணானும் முட்டை வைத்திருக்கும் இடம் அது.

நிலமில்லாத டவுன்வாசிகளுக்குத் தொட்டியில் ஒரு கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் போதும், கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் தேடி வந்து முட்டையிடும். புழு தின்ற இலை மறுபடி தழைக்கும், மருந்தடிக்காதீர்கள். கோடையில் வாய் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள். காலி மனைகளில் எருக்கு நின்றால் அதை நிற்கவிடுங்கள்.

வருகிற மாசியில் தெற்கு வேலியின் மூன்றாம் பங்கு கழிக்கும் முறை. போத்துகளில் ஒரு பாதி மேற்குப் பக்கத்தில் காய்ந்துபோன இடங்களுக்கு. மறு பாதியைத் தெற்கு நிலத்துக்காரர் கேட்டிருக்கிறார், ஜே.சி.பி.யை அன்று மறுத்தவர் அவர்தான், அவருடைய மறுபக்க எல்லை இப்போது வெறும் கல்லுக்காலாக இருக்கிறது. ஆடு புகாமல் இருக்க இலந்தை முள் அவரே வெட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.